எட்டும் பதினொன்றும்

கும்மிடிப்பூண்டி
பிப்ரவரி 5, வியாழன்

அன்புத் தங்கை கிறிஸ்டினாவுக்கு,

அக்கா கிரேஸ் எழுதுகிறேன். நைனாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி இந்த வீட்டில் யாரும் நன்றாக இல்லை, அதனால் நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். பெங்களூரில் நீ நன்றாக இருப்பதை உன் வீடியோக்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜை மேல்தான் கிடக்கும், மறுபடியும் உன் கண்ணில் படும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ போட்ட வீடியோவை, கம்பெனியில் என்னோடு செக்கிங் மேஜையில் நிற்கும் ரோசம்மாள் காட்டினாள். நீ குறி சொல்லும் டாரட் சீட்டில் பதினாறாம் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறாய். இடி விழுந்த கோபுரத்திலிருந்து இரண்டு பேர் தலைகீழாக விழும் படம். வாழ்க்கையில் திடீர் மாற்றம் வந்தால் பயப்படாதீர்கள், வரவேற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறாய். யாருடைய வாழ்க்கையில் கிறிஸ்டி? கீழே விழுந்த இரண்டு பேருக்கும் இங்கே பெயர் இருக்கிறது. ஒருவன் பென்னி. இன்னொருவர் உன் மாமா ஸ்டீபன், என் புருஷன். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. போனைத் திருப்பி மேஜையில் கவிழ்த்தேன், ரோசம்மாள் பயந்துபோய் எடுத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது இதே வீட்டில் பாயை விரித்து, சீட்டுகளை வரிசையாகப் பரப்பி எங்களுக்குப் பாடம் எடுத்தாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பூஜ்யம் ஒரு பித்துக்குளி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்க்காமல் நடப்பவன். அவனுக்கு வரிசையில் நிலையான இடம் கிடையாது, முதலிலும் வருவான், கடைசியிலும் வருவான் என்றாய். ஒன்றில் ஆரம்பித்து இருபத்தொன்றில் உலகம் வந்து முடிகிறது என்றாய். பன்னிரண்டு தலைகீழாய்த் தொங்குகிறவன். பதின்மூன்றை எடுத்து வைத்ததும் நைனா எழுந்துவிட்டார். "கிறிஸ்மஸும் அதுவுமா ஊட்ல சாவு படத்த விரிச்சிக்கினு குந்தினு கீற" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். சாவு என்றால் சாவு இல்லை நைனா, ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிப்பது என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னாய்.

எட்டும் பதினொன்றும்தான் இதில் வேடிக்கை என்றாய். உன் சீட்டில் எட்டு பலம். ஒரு பெண் வெறுங்கையால் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். பதினொன்று நியாயம். தராசும் வாளும் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பழங்காலத்துச் சீட்டில் இது மாறி இருக்குமாம், நியாயம்தான் எட்டு, பலம் பதினொன்று. பலத்துக்குச் சிம்மம், நியாயத்துக்குத் துலாம், ராசி வரிசையில் சிம்மம்தானே முதலில் வருகிறது, அதற்காக நூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் யாரோ இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்கள் என்றாய். எங்கள் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது. இவ்வளவு படித்திருக்கிறாளே என்று மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பென்னி சும்மா இருப்பானா? மாமாவோடு ஒன்பது வருஷமாக ஒரே ஷிஃப்ட், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் டை என்கிற அச்சை மாட்டுகிறவன், நம் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன், உன்னைக் கிண்டல் செய்ய யாரிடமும் அனுமதி கேட்காதவன். அந்த எட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சிஸ்டர், சிங்கத்து வாயில கைய வுட்டுக்கினு நிக்கிறா, கட்ச்சிடாதா?" என்று கேட்டான். நீ சிரித்துக்கொண்டே, கடிக்காது பென்னி, அது எட்டு, அதுதான் பலம் என்றாய்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அவன் அந்தச் சீட்டைப் பிடித்திருந்தது வலது கையில்.

நம் கம்பெனி முதலாளி வீட்டில் எட்டு என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். காரின் நம்பரைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது, பில்லின் கடைசி எண் எட்டாக இருக்கக் கூடாது. எட்டாம் நம்பர் பிரஸ் ஆறு மாதத்தில் நான்கு முறை நின்றது. வயதான மெஷின், பேரிங் தேய்ந்துவிட்டது என்று கம்பெனி எலக்ட்ரீஷியனாக மாமா எழுதியே கொடுத்தார். அவர்கள் பேரிங்கை மாற்றவில்லை. உன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா உன்னைக் கூப்பிட்டார்கள்.

ஜனவரி பத்தாம் தேதி சனிக்கிழமை நீ காரில் வந்து இறங்கினாய். மஞ்சள் பட்டுப் புடவையில் பிரஸ் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாய். நான் செக்கிங் மேஜையில் நின்றுகொண்டு ரோசம்மாளிடம், என் தங்கச்சி என்று சொன்னேன். அவளிடம் மட்டுமா, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். சொன்ன வாய் இன்றைக்கு எரிகிறது.

எட்டைக் கண்டு பயப்படாதீர்கள், எட்டு பலத்தின் எண், அதைக் கிழட்டு மெஷினிடம் கொடுத்துவைத்ததுதான் தப்பு என்று நீ முதலாளியம்மாவிடம் சொன்னாய். ஹாலிலேயே பெரிய மெஷினுக்கு அப்போது நம்பர் பதினொன்று. அதற்கு எட்டைக் கொடுங்கள், கிழட்டு மெஷினுக்குப் பதினொன்றைக் கொடுங்கள், நியாயம் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் சமனாகிவிடும் என்றாய். அதையே இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாய். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், நான் ஒரு வரி விடாமல் படித்தேன். நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்க வேண்டும். அன்றைக்கே ராத்திரி ஒன்பதே காலுக்கு மேல் மாட்ட வேண்டும். மாட்டுகிறவர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். சுவிட்ச் ரூமைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை.

வேறு எந்தப் பெங்களூர்க்காரி எழுதியிருந்தாலும் பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டிருப்பேன். நீ காலேஜ் சேர்வதற்கு முன்னால் அதே ஹாலில் எட்டு மாதம் ட்ரெய்னியாக நின்றவள். சுவிட்ச் ரூம் வாசலில் காற்று வரும் என்று அங்கே உட்கார்ந்துதான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவாய். பேனலில் மேல் வரிசை ஒன்று முதல் எட்டு, கீழ் வரிசை ஒன்பதிலிருந்து என்று மாமா உனக்குக் காட்டிக் கொடுத்தார். முதலாளி பதின்மூன்று வேண்டாம் என்று சொல்லி அந்த மெஷினுக்குப் பன்னிரண்டு ஏ என்று பிளேட் மாட்டினார்களே, அன்றைக்கே மாமா பேனலிலும் பன்னிரண்டு ஏ என்று எழுதி ஒட்டினார். அதைப் பார்த்துச் சிரித்தவள் நீ.

சீட்டில் படத்தை இடம் மாற்றினால் யாருக்கும் வலிக்காது. சிங்கம் எட்டில் இருந்தாலும் பதினொன்றில் இருந்தாலும் அது காகிதச் சிங்கம். எங்கள் ஹாலில் நம்பருக்குப் பின்னால் ஒயர் இருக்கிறது. எங்களுக்கு எட்டு என்றால் சனியும் இல்லை, பலமும் இல்லை, மேல் வரிசையில் கடைசி சுவிட்ச். அவ்வளவுதான் அதன் அர்த்தம். அந்த அர்த்தத்தை நம்பித்தான் ஒருவன் மெஷினுக்குள் கையை விடுகிறான்.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். நான் முழுதாக எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி.

மாமா அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நாயுடுபேட்டையில் இருந்தார். அவருடைய அம்மா இறந்துபோய் அடக்கத்துக்குப் போனவர் ஞாயிறு மாலைதான் திரும்பினார். பிளேட் மாற்றியது அவருக்குத் தெரியாது. திங்கள் காலை, டீ முடிந்து பத்து நிமிஷம் இருக்கும், பெரிய மெஷினில் தகடு சிக்கிக்கொண்டது. பென்னி தலைக்கு மேலே பார்த்தான். மஞ்சள் பிளேட்டில் எட்டு. பழைய நம்பரைச் சொன்னவர்களை அன்று காலையில்தான் சூபர்வைசர் திட்டியிருந்தார். அதனால் புது நம்பரையே சொன்னான். "அண்ணா, எட்ட ஆஃப் பண்ணு, ஷீட்டு மாட்டிக்கினு கீது" என்று மாமாவுக்கு போன் செய்தான். மாமா மேல் வரிசையில் கடைசி சுவிட்சை இறக்கினார், சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார், ஆஃப் பண்ணிட்டேன் என்றார். மின்சாரம் நின்றது கிழட்டு மெஷினுக்கு. சுற்றிலும் பதினைந்து மெஷின் ஓடும் இரைச்சல், காதில் பஞ்சு, பெரிய மெஷினின் மோட்டார் உயிரோடு இருப்பது பென்னிக்கு எப்படித் தெரியும்? உள்ளே குனிந்தபோது அவன் கால் மெஷினை இறக்கும் பெடலில் பட்டது.

நாலு விரல். கட்டை விரல் மட்டும் நிற்கிறது. விரல்களை ஐஸில் வைத்து நான்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தேன். எளாவூர் செக்போஸ்டில் திறந்துவிட்ட லாரிகள் ரோடு முழுக்க நின்றன. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவன் செவ்வாப்பேட்டையில் பெண்டாட்டி சோனியாவின் அம்மா வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவனுக்கு ஆறு விரல். ஆறு உன் சீட்டில் காதலர்கள், இல்லையா? சோனியா அவனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறாள், சோற்றைப் பிசைந்து கொடுக்கிறாள். இதையும் ஒரு வீடியோவாகப் போடு.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குள் பிளேட் இரண்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நோட்டீஸ் போர்டில் உன் இரண்டு பக்கம் இல்லை. நம்பரை நாங்கள் மாற்றவே இல்லை, எலக்ட்ரீஷியன் தப்பான சுவிட்சை இறக்கிவிட்டார் என்கிறது கம்பெனி. மாமாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், போலீஸில் கேஸும் போட்டாகிவிட்டது. ஒயர்மேன் லைசென்ஸ் போனால் இந்த ஊரில் இன்னொரு கம்பெனி வாசலில்கூட அவர் நிற்க முடியாது. நம்பர் மாற்றவே இல்லை என்று நானும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எச்.ஆர். ஜெகன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பேனாவைத் தொடவில்லை. ஹாலில் நாற்பது பேர் அந்த மஞ்சள் பிளேட்டைப் பார்த்தவர்கள். கேட்டால் நாற்பது பேரும் தரையைப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, ரோசம்மாளையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உன்னிடம் போட்டோ இருக்கிறது. புது பிளேட்டை மாட்டியதும் முதலாளியம்மா உனக்கு அனுப்பினார்கள், நீ அதை உன் வீடியோ போடும் பக்கத்தில் போட்டிருந்தாய். சனிக்கிழமை ராத்திரியே நான் பார்த்தேன், பெருமையாக மாமாவின் தங்கைக்கும் அனுப்பலாமா என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால் அதைக் காணோம். அப்படியானால் எது எதனால் நடந்தது என்று உனக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. புரிந்த பிறகு நீ செய்த முதல் வேலை அதை அழித்தது. எனக்கு அனுப்பியது ஒரே ஒரு மெசேஜ், யுனிவர்ஸிடம் வேண்டிக்கொள்கிறேன் அக்கா என்று. யுனிவர்ஸுக்குக் கும்மிடிப்பூண்டி எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

மாமா வருகிற சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

வெள்ளி, மத்தியானம்

நேற்று அவர் பார்த்துவிட்டார். காகிதத்தை வாங்கிப் படித்தார். முழுதும் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "வேணாம் கிரேஸு, அனுப்பாத. பாப்பா தெரியாம செஞ்சிட்ச்சி. பொண்ணு பேரு கேஸ்ல வந்தா நல்லா இருக்காது. நான் பாத்துக்கிறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டேன். குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் முதல் தடவை விசாரித்தபோதே, நம்பர் மாற்றியதாகச் சொல்கிறாயே, யார் சொல்லி மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறார். மாமா, தெரியாது சார் என்று சொல்லியிருக்கிறார். தெரியாதாம். இத்தனை நாள் அதை என்னிடமும் மறைத்திருக்கிறார். சபையில் உன் சீட்டைப் பற்றிப் பாஸ்டர் கடுமையாகப் பேசியபோது, எழுந்து நின்று, எங்க பாப்பா யாரையும் கெடுக்காது ஐயா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் இப்போது வாயை மூடிக்கொண்டு குற்றவாளியாக நிற்கிறார். எனக்கு உன் மேல் வரும் கோபத்தைவிட அவர் மேல் அதிகமாக வருகிறது. அப்புறம் அவர் தூங்குவதைப் பார்த்தால் அழுகை வருகிறது, அந்த அழுகையும் கடைசியில் உன் மேல்தான் கோபமாகத் திரும்புகிறது.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். ஞாயிறு சாயங்காலம் மாமா ஊரிலிருந்து வந்ததும் நீ வந்த கதையை அவரிடம் நான் சொன்னேன். உன் கார், உன் புடவை, முதலாளியம்மா உனக்குத் தன் கையால் காபி கொடுத்தது, எல்லாம் சொன்னேன். பிளேட் மாற்றியதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை கிறிஸ்டி, எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பதுபோல அதுவும் ஒன்று என்று நினைத்தேன். பத்து வருஷமாக எலக்ட்ரீஷியனின் பெண்டாட்டியாக இருக்கிறேன், அந்த நம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள், என் தங்கை பட்டுப் புடவையில் நடந்து வந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் திங்கள் காலை முதல் வேலையாகப் பேனலில் எழுதி ஒட்டியிருப்பார். பென்னி போன ஞாயிறு கீபோர்டு வாசித்திருப்பான்.

இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லப் போகிறேன். பென்னியிடம் சொல்லிவிட்டேன். "வுடு அக்கா, சாப்டியா?" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உன்னையும் கேட்டான். சிஸ்டர் எப்படி கீது என்று.

விசாரணை திருவள்ளூரில், இன்ஸ்பெக்டர் ஆபீஸில், இந்த மாதம் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. பதினேழு. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு, நீயே சொல்லிக் கொடுத்த கணக்கு. உன் சீட்டில் அது பலம். பழைய சீட்டில் நியாயம். எது சரி என்று முதலாளியம்மா உன்னிடம் கேட்டபோது நீ உடனே பதில் சொன்னாயாம். நானும் கேட்கிறேன். எனக்குப் பதிலை வாயால் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு பக்கத்தின் நகல் உன் கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தப் போட்டோவும் முதலாளியம்மாவின் மெசேஜோடு உன் போனில் இருக்கும், நீ அழித்தது ஊருக்குக் காட்டியதை மட்டும்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு வா. எண் மாற்றச் சொன்னது நான், சுவிட்ச் ரூமை நினைக்காமல் விட்டது நான் என்று சொல். பக்கத்திலேயே நின்று, வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விட்டது நான் என்று நானும் சொல்கிறேன். உன்னைத் தனியாக நிறுத்த மாட்டேன்.

உன் பெயர் கெடும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வீடியோவைப் பார்க்கிறவர்கள் குறைவார்கள், முதலாளியம்மா மாதிரி ஆட்கள் கூப்பிட மாட்டார்கள். ஆனால் நீ வராவிட்டால் மாமா ஜெயிலுக்குப் போனாலும் உன் பெயரைச் சொல்ல மாட்டார். சொல்லாமலேயே இருந்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு நீ எப்படித் தூங்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் நீ ஒரு சின்னப் பொய் சொன்னாலும் ராத்திரி எழுந்து வந்து என்னை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாய். அந்தப் பெண்ணுக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

இங்கேயிருந்து திருவள்ளூர் போவது எவ்வளவு தொல்லை என்று உனக்கே தெரியும், மெட்ராஸ்வரை ரயிலில் போய் அங்கே மாறி மறுபடியும் ஏற வேண்டும். விடியற்காலையில் கிளம்புகிறோம். நீ பெங்களூர் ரயிலில் வந்தால் சென்ட்ரலில் இறங்கி எங்களோடு அதே மின்சார ரயிலில் ஏறிக்கொள்ளலாம். நீ வருவாய் என்று மாமாவிடம் சொல்லவில்லை, இந்தக் கடிதம் போனதே அவருக்குத் தெரியாது. ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நானே தபாலில் போடுகிறேன். நைனாவிடம் மட்டும் சொன்னேன். அவர் உன் பெயரைச் சொல்லி மூன்று வாரமாகிறது. இன்றைக்கு, "அதுக்குப் புளிசோறுன்னா உசிரு, ஒரு டப்பா சேத்து கட்டு" என்றார்.

மூன்று டப்பா கட்டுவேன். உன்னுடையதில் முட்டை இருக்கும். நீ வராவிட்டால் அதை அப்படியே திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நைனா முன்னால் வைக்க வேண்டியிருக்கும், அதை மட்டும் எனக்குச் செய்துவிடாதே.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் பத்து விரல்களையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
கிரேஸ்